ரயில் பெட்டியைப் படம் எடுப்போருக்கும் படம் போடுவோருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய ரயில் ஒன்று ஓடத் தொடங்கினால் நாளிதழ்களில் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கிறது. என்ன நிறம், எத்தனை பெட்டி, கொடியசைத்தவர் யார். படத்தில் மாலை போட்ட முகப்பு. பயணி உட்காருவதும் படுப்பதும் முகப்பில் இல்லையே! அவர் இரவு முழுக்கக் கழிக்கப்போகும் பெட்டி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது செய்தியிலும் வருவதில்லை, படத்திலும் வருவதில்லை. ரயில் பெட்டிகளின் அமைப்பைக் கவனித்து, அவற்றைப் படம் எடுத்துச் சேர்த்துவரும் ஆர்வலர்கள் நாங்கள். சரியாக எடுத்த ஒரு பக்கவாட்டுப் படம் பெட்டியின் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லிவிடும். அப்படிப்பட்ட படங்களை எடுத்துவைக்க இதைவிட்டால் வேறு காலம் கிடைக்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

காரணம் எளிது. பெரம்பூரில் ரயில் பெட்டி கட்டும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கி வைத்தார். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் அங்கே பிறந்த எஃகுப் பெட்டிதான் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்திய ரயிலின் உருவமாக இருந்தது. அந்தப் பழைய வகையின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரி 19 அன்று ஐ.சி.எஃப்.-ஐ விட்டு வெளியேறியது. இப்போது கட்டப்படுபவை ஜெர்மனியின் லிங்கே ஹாஃப்மன் புஷ் வடிவமைப்பில் வந்த எல்.எச்.பி. பெட்டிகளும், வந்தே பாரத் போன்ற தொடர்களும்தான். பழைய பெட்டிக்கு ரயில்வே வைத்திருக்கும் ஆயுள் 25 ஆண்டு. ஆனால் ரயில் ரயிலாக எல்.எச்.பி.க்கு மாற்றிவருவதால் ஆயுள் முடியும் முன்பே பல பெட்டிகள் ஓரம் கட்டப்படுகின்றன. சில பெட்டிகளின் ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, முனையில் கதவு போட்டு, கார் ஏற்றிச் செல்லும் சரக்குப் பெட்டிகளாக மாற்றுகிறார்கள். சில பெட்டிகள் நிலைய வாசலில் உணவகமாக நிற்கின்றன. மீதி உடைப்புக்குப் போகின்றன. உள்ளே இருந்த இருக்கை, ஜன்னல், மின்விசிறி எல்லாம் அதோடு போய்விடும்.

முதலில், படத்தில் இருப்பது எந்தப் பெட்டி என்று கண்டுகொள்ளும் வழி. செய்திப் படங்களின் விளக்கத்தில் அடிக்கடி தவறு நேரும் இடம் இது. பெட்டியின் முனையில் இரண்டு பக்கமும் மோதலைத் தாங்கும் வட்டமான பஃபர் இருந்து, நடுவில் பெட்டிகளைக் கோக்கும் திருகுக் கப்ளிங் தொங்கினால் அது பழைய ஐ.சி.எஃப். வகை. பஃபர் இல்லாமல் நடுவில் கனமான கப்ளர் மட்டும் இருந்தால் எல்.எச்.பி. என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது போதாது. பழைய பெட்டிகளில் சிலவற்றுக்கும் நடுக் கப்ளர் பொருத்தப்பட்டது. எல்.எச்.பி. உடலை ஐ.சி.எஃப். போகியின் (சக்கரங்கள் பொருத்திய அடிச்சட்டத்தின்) மேல் வைத்த கலப்புப் பெட்டிகளும் கட்டப்பட்டன. ஆகவே கப்ளரைப் பார்த்தபின் கீழேயும் பார்க்க வேண்டும். ஐ.சி.எஃப். போகியில் ஒவ்வொரு அச்சுப்பெட்டியின் இரு பக்கமும் சுருள்வில் நிற்கும், சக்கரத்தை அழுத்தும் பிரேக் கட்டை வெளியே தெரியும். எல்.எச்.பி.யின் ஃபியட் போகியில் சக்கரத்தின் மேல் பிரேக் கட்டையே இருக்காது. பிரேக் பிடிக்கும் டிஸ்க்குகள் (வட்டத் தட்டுகள்) சக்கரங்களுக்கு நடுவே அச்சில் இருப்பதால் பக்கவாட்டுப் படத்தில் சக்கரம் வெறுமையாகத் தெரியும். நீளத்திலும் வேறுபாடு உண்டு: பழைய பெட்டியின் உடல் 21.337 மீட்டர், எல்.எச்.பி. 23.54 மீட்டர். அந்தக் கூடுதல் 2.2 மீட்டரில்தான் படுக்கை வகுப்பில் ஒன்பது தடுப்புகள் பத்தாகி, 72 படுக்கைகள் 80 ஆயின. ஏசி மூன்றடுக்கில் 64 என்பது 72 ஆனது.

பாதுகாப்பில் எல்.எச்.பி. பல மடங்கு மேல். இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. திருகுக் கப்ளிங்கும் பஃபரும் கொண்ட பெட்டிகள் மோதலில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும், ஒன்றுக்குள் ஒன்று புகுந்தும்விடும். நடுக் கப்ளர் அந்த ஏற்றத்தைத் தடுத்து, தடம் புரண்டாலும் பெட்டிகளை முடிந்தவரை ஒரே வரிசையில் பிடித்து வைக்கிறது. பழைய பெட்டியின் மேல் உள்ள பாசத்தால் அதைத் தொடர்ந்து ஓடவிடச் சொல்பவர்கள் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

ஆனால் எல்.எச்.பி. ரயிலில் போகும் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஏன் இப்படித் தூக்கிப் போடுகிறது? திருகுக் கப்ளிங்கை இறுக்கும்போது இரு பெட்டிகளின் பஃபர்களும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கும். இடைவெளியே இருக்காது. நடுக் கப்ளரோ, இரண்டு கைவிரல்களை மடக்கிக் கோத்ததுபோல் பிடித்துக்கொள்வது. கோத்த இடத்தில் சில மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தே தீரும். அதற்குப் பின்னால் அதிர்வை வாங்கும் ரப்பர் அடுக்கு தேய்ந்திருந்தால் அந்த ஆட்டம் இன்னும் கூடும். இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் இது ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகிறது. இன்ஜின் இழுத்ததும் முதல் பெட்டி நகர்ந்து, அதன் பின் இரண்டாவது இழுபட்டு, கடைசிப் பெட்டி நகரும்போது முன்னால் உள்ள முழு ரயிலும் ஏற்கெனவே வேகம் பிடித்திருக்கும். அதனால்தான் பின்பக்கப் பெட்டிகளில் குலுக்கல் அதிகம். இழுவிசை, தள்ளுவிசை இரண்டையும் ஆட்டமில்லாமல் வாங்கும் திருத்தப்பட்ட அதிர்வுத் தாங்கிகளை ரயில்வே பொருத்தத் தொடங்கியபின் நிலைமை தேறியிருக்கிறது. ஒரே ரேக்கில், அதாவது ஒரு ரயிலின் பெட்டித் தொகுப்பில், பழையதும் புதியதும் கலந்திருந்தால் பலன் பாதிதான். ‘புதிய பெட்டியா, பழையதா’ என்று விசாரிப்பதோடு நில்லாமல், முழு ரேக்கிலும் ஒரே வகைத் தாங்கி இருக்கிறதா என்று செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டும்.

இன்னொரு பொருளும் பயணிக்குப் புரியாமலே போகிறது. எல்.எச்.பி.யில் அச்சுக்கு இரண்டு டிஸ்க். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழல்வதை நிறுத்திச் சறுக்கத் தொடங்கினால், உணர்கருவி அதைக் கண்டு அந்த அச்சின் பிரேக் காற்றைக் கணநேரம் விட்டுவிடும். அந்தக் கருவியோ அதன் வால்வோ பழுதானால் சக்கரம் பூட்டிக்கொண்டு தண்டவாளத்தில் உராய்ந்து, ஓரிடத்தில் தட்டையாகிவிடும். பிறகு அந்தப் பெட்டியில் ஓயாத தட்டல் சத்தம். புதுச் சக்கரத்தின் விட்டம் 915 மி.மீ., சுற்றளவு ஏறக்குறைய 2.87 மீட்டர். எனவே மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் விநாடிக்குப் பத்து முறைக்குச் சற்றுக் குறைவாகத் தட்டும். வேகம் குறைந்தால் தட்டலும் அதே விகிதத்தில் குறையும். தண்டவாள இணைப்பின் சத்தம் அப்படியல்ல. அது இணைப்பு உள்ள இடத்தில் மட்டும் இரட்டை இரட்டையாக வரும், பற்றவைத்த நீளத் தண்டவாளத்தில் வரவே வராது. இந்த வேறுபாடு தெரிந்தால் ‘தண்டவாளம் சரியில்லை’ என்று பொதுவாகப் புகார் எழுதாமல், பெட்டி எண்ணைக் குறித்து ‘சக்கரம் தட்டையாகியிருக்கிறது’ என்று எழுதலாம். பணிமனைக்குப் பயன்படும் புகார் அதுதான்.

ஜன்னல். பழைய படுக்கைப் பெட்டியில் ஒரு கண்ணாடிச் சட்டம், ஒரு தகட்டுச் சட்டம், குறுக்குக் கம்பிகள். சட்டத்தைத் தூக்கி நிறுத்தும் கொக்கியின் வில் தேய்ந்துவிட்டால் அது விரல்மேல் விழும். அது ஒன்றுதான் அதன் பெரிய குறை. காற்றுக்கும் பார்வைக்கும் அதற்கு நிகராக இன்னொன்று இன்னும் வரவில்லை. ஏசிப் பெட்டியின் இரட்டைக் கண்ணாடியில் ஓரத்து அடைப்பு விட்டுப்போனால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஈரம் புகுந்து பனி படியும். வெளியிலிருந்து எவ்வளவு துடைத்தாலும் போகாது, கண்ணாடியையே மாற்ற வேண்டும். வந்தே பாரத்தின் ஜன்னல்கள் வெளியிலிருந்து பார்க்க ஒரே கருப்புப் பட்டையாக அழகாகத்தான் இருக்கின்றன. உள்ளே போனால் தூண்கள் உண்டு. இருக்கை இடைவெளியும் ஜன்னல் இடைவெளியும் ஒன்றல்ல என்பதால் சில வரிசைகளில் ஜன்னலோர இருக்கை வாங்கியவருக்குத் தூண்தான் கிடைக்கிறது. எந்த வரிசைக்குத் தூண் வருகிறது என்பது கட்டும்போதே தெரிந்த செய்தி. முன்பதிவுப் படத்தில் அதைக் குறித்துக் காட்டுவதில் எந்தச் சிரமமும் இல்லை. விளம்பரத்துக்காக ஜன்னலின் மேலும் ஒட்டப்படும் துளையிட்ட வினைல் தாளை நாங்கள் முழுமையாக எதிர்க்கிறோம். பகலில் வெளிச்சத்தைக் குறைக்கிறது, மழையில் துளைகளில் நீர் நின்று வெளியே எதுவும் தெரிவதில்லை, இரவில் எந்த நிலையம் என்று படிக்க முடிவதில்லை. சில சமயம் பெட்டி எண்ணும் அதனடியில் மறைந்துவிடுகிறது.

நிறத்துக்கு வருவோம். எங்களுக்கும் நிறம் பிடிக்கும். செங்காவி நிறப் பெட்டிகள் தொண்ணூறுகளில் இருநீலமாக மாறின. வெற்றிடத்தால் இயங்கும் வேக்கூம் பிரேக்கிலிருந்து காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் பிரேக்குக்கு மாறிய பெட்டியை அடையாளம் காட்டவும் அந்த நீலம் பயன்பட்டது. 2018-இல் பெட்டிகளைப் புதுப்பிக்கும் உத்கிருஷ்ட் திட்டத்தில் பழைய பெட்டிகளுக்கு வெளிர்மஞ்சளும் பழுப்பும் வந்தன. எல்.எச்.பி.யில் சிவப்பும் சாம்பலும். வந்தே பாரத் வெள்ளை நீலத்தில் தொடங்கி, 2023 செப்டம்பரில் காசர்கோடு – திருவனந்தபுரம் வண்டியில் காவிக்கும் சாம்பலுக்கும் மாறியது. இவற்றில் எது அழகு என்று மணிக்கணக்கில் பேசலாம். ஆனால் நடைமேடையில் நிற்கும் பயணிக்கு நிறம் ஒரு வேலை செய்ய வேண்டும்: தன் பெட்டி எது என்று தூரத்திலிருந்தே காட்ட வேண்டும். இன்று முன்பதிவில்லாப் பெட்டி, படுக்கை, ஏசி எல்லாம் ஒரே சிவப்பு. இரண்டு நிமிடம் நிற்கும் ஊரில், கையில் குழந்தையும் தோளில் பையுமாக வருபவர் ஜன்னலில் கம்பி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வகுப்பைத் தெரிந்துகொள்கிறார்.

பிரிட்டனில், ‘பிரிட்டிஷ் ரயில்’ என்ற அரசு நிறுவனம் ரயில்களை நடத்திய காலத்தில், ஜன்னலுக்கு மேலே ஓடும் ஒரு பட்டையிலேயே இதைத் தீர்த்தார்கள்: முதல் வகுப்புக்கு மஞ்சள், உணவுப் பெட்டிக்குச் சிவப்பு. ஐரோப்பாவின் பல நாடுகளில் முதல் வகுப்பின் மஞ்சள் பட்டை இன்றும் இருக்கிறது. நமக்கும் அதுபோல் ஜன்னலுக்கு மேலே ஒரு சாண் அகலத்தில் வகுப்புப் பட்டை போதும். முன்பதிவில்லாப் பெட்டிக்கு ஒன்று, படுக்கைக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று. கூட்டம் நடைமேடையில் நிற்கும்போது பெட்டியின் இடுப்புக்குக் கீழே எழுதியது எதுவும் தெரியாது என்பதால் பட்டை மேலேதான் இருக்க வேண்டும். கதவருகே மாட்டும் எஸ்5, பி2 பலகையின் எழுத்து ஒரு சாண் உயரமாவது இருக்க வேண்டும், மங்கிய அட்டையாக இருக்கக் கூடாது. இரவில் ஒளிரும் பலகை வைத்தால் நல்லதுதான். அது பழுதானாலும் படிக்க முடிகிற மாதிரி பெயின்ட் எழுத்தும் பக்கத்தில் இருக்கட்டும்.

பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணும் எழுத்தும் பலருக்குப் புரியாத வரியாகவே போகிறது. எல்.டபிள்யூ.எஸ்.சி.என். என்றால் எல்.எச்.பி., பெட்டிக்குப் பெட்டி நடைவழி உண்டு, இரண்டாம் வகுப்பு, மூன்றடுக்குப் படுக்கை. ஐந்து இலக்க எண்ணாக இருந்தால் முதல் இரண்டு கட்டப்பட்ட ஆண்டு. கடைசி மூன்று 201-இலிருந்து 400-க்குள் இருந்தால் படுக்கை வகுப்பு, 401-இலிருந்து 600-க்குள் இருந்தால் பொதுப்பெட்டி. பெட்டியின் முனைச்சுவரில் எந்தப் பணிமனையில் முழுப் பராமரிப்பு நடந்தது, எப்போது வெளியே வந்தது, அடுத்து எப்போது திரும்ப வேண்டும் என்பதும் எழுதியிருக்கும். பெரம்பூர், பொன்மலைப் பணிமனைகளின் குறியீட்டை அங்கே பார்க்கலாம். படம் எடுப்பவர் எழுத்து, எண், பராமரிப்பு விவரம் மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்தாலே அந்தப் படம் ஆவணமாகிவிடும். எண் தெரியாத படம் வெறும் ரயில் படம்.

இனிப் படம் எடுக்கும் முறை. மேம்பாலத்திலிருந்து வளைவில் வரும் ரயிலை எடுக்க எல்லோருக்கும் தெரியும். பெட்டியின் முழுப் பக்கவாட்டை எடுக்கத்தான் ஆள் குறைவு. உயர நடைமேடை தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ. வரை உயர்ந்திருப்பதால் அதே நடைமேடையில் நின்றால் போகி முழுதும் மறைந்துவிடும். எதிர் நடைமேடைக்குப் போய், இடையில் உள்ள தடம் காலியாக இருக்கும்போது எடுக்க வேண்டும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் 10 மீட்டர் தொலைவிலிருந்து 15 மீட்டர் அகலத்தைத்தான் காட்டும். பெரும்பாலான கைபேசிகளின் முதன்மைக் கேமராவும் ஏறக்குறைய இதே அளவுதான். 23.54 மீட்டர் பெட்டி அதில் அடங்காது. பலர் இங்கே நின்ற இடத்திலிருந்தே கைபேசியைத் திருப்பிப் பனோரமா எடுக்கிறார்கள். அதில் பெட்டியின் நடுப்பகுதி பெருத்து, இரு முனையும் சிறுத்து, நேரான பெட்டி வளைந்து நிற்கும். பெட்டிக்கு இணையாக நடந்து, மூன்று இடங்களில் நின்று, ஒவ்வொரு படமும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கையாவது மீண்டும் காட்டும்படி நேராக எடுத்து, பிறகு கணினியில் ஒட்டுவதே சரி. கேமராவின் உயரம் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மார்பளவு உயரம் வசதி.

மாதிரி ரயில் செய்பவர்களுக்கு இந்தப் படம் உயிர். 1:87 அளவில் எல்.எச்.பி. பெட்டி 270.6 மி.மீ., பழைய பெட்டி 245 மி.மீ. வரும். ஜன்னலுக்கு ஜன்னல் இடைவெளியை முழு நீளத்தின் விகிதமாகப் படத்திலேயே அளந்துகொள்ளலாம், படம் நேராக எடுத்திருந்தால். (அந்த அளவில் விற்கும் தண்டவாளம் 16.5 மி.மீ. அகலம். நம் அகலப்பாதைக்கு 19.3 மி.மீ. வேண்டும். அதனால்தான் நம் ஊர் மாதிரிகள் சற்றுக் குறுகிய காலில் நிற்பதுபோல் தெரிகின்றன.)

வெளிச்சம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் பெட்டியின் கூரை மின்னும், போகி இருட்டில் மூழ்கிவிடும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது பக்கவாட்டுப் படத்துக்கு நண்பகல் பயனே இல்லை. கடற்கரை – தாம்பரம் தடம் பெரும்பாலும் வடக்குத் தெற்காக ஓடுவதால் காலையில் கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும் நன்றாக ஒளிரும். சென்ட்ரல் – அரக்கோணம் தடம் கிழக்கு மேற்கு. அங்கே பக்கவாட்டுக்கு ஏற்றது மார்கழி, தை மாதத் தெற்குச் சூரியன். போகியை மட்டும் எடுக்க மேகமூட்டமான நாளே சிறந்தது. நிழல் விழாததால் சுருள்வில்லுக்குப் பின்னால் இருப்பதும் தெரியும். வெள்ளை வந்தே பாரத்தைக் கேமரா தானாக அளந்தால் சாம்பலாக்கிவிடும். கேமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) அரை முதல் முக்கால் ஸ்டாப் வரை கூட்டி எடுத்து, வெள்ளை வெளுத்துப்போகாமல் இருக்கிறதா என்று உடனே சரிபார்க்க வேண்டும்.

ஓடும் ரயிலுக்கு ஷட்டர் வேகம் கணக்கு போட்டால் புரியும். மணிக்கு 110 கி.மீ. என்பது விநாடிக்கு 30.6 மீட்டர். நேர் பக்கவாட்டில் 1/500 வைத்தால் அந்த நேரத்துக்குள் பெட்டி 6 செ.மீ. நகர்ந்துவிடும், எழுத்து படிக்க முடியாது. 1/2000 வைத்தால் ஒன்றரை செ.மீ., பெட்டி எண் பிழைத்துக்கொள்ளும். சாய்கோணத்தில் வரும் ரயிலுக்கு இதில் பாதி வேகமே போதும். கைபேசிகளும் சில கேமராக்களும் மின்னணு ஷட்டரில் படத்தை வரி வரியாகப் படிப்பதால் வேகமாகப் போகும் பெட்டியின் கதவும் ஜன்னலும் சாய்ந்து விழுவதுபோல் வரும். பெட்டி அமைப்பைப் பதிவு செய்யும் படத்துக்கு அது உதவாது. கேமராவில் இயந்திர ஷட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கைபேசிதான் கையில் உள்ளது என்றால் ரயில் நின்றபின் எடுங்கள். பெட்டியில் ஒளிரும் எல்.இ.டி. பெயர்ப்பலகைக்கு இதற்கு நேர் எதிர்: ஷட்டர் வேகம் கூடினால் பாதி எழுத்துதான் பதிவாகும். ரயில் நிற்கும்போது 1/100 அல்லது அதற்கும் மெதுவாக எடுத்தால் முழுப் பெயரும் வரும்.

ஏசிப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே எடுப்பவர்கள் லென்ஸில் மாட்டியிருக்கும் போலரைசர் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள். கெட்டிப்படுத்திய கண்ணாடியின் வழியாக அது வானவில் திட்டுகளை உண்டாக்கும். ரப்பர் லென்ஸ் மூடியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, பின்னால் கருப்புத் துணியோ சால்வையோ போட்டுக்கொண்டால் பிரதிபலிப்பு போய்விடும்.

பழைய பெட்டிகளில் இன்று அவசரமாகப் பதிவு செய்ய வேண்டியவை வெளியே தெரியும் நீலம் மட்டுமல்ல. அச்சிலிருந்து பெல்ட் மூலம் சுழன்று 110 வோல்ட் மின்சாரம் தந்த ஆல்டர்னேட்டர், அதன் பக்கத்தில் மின்கலப் பெட்டி, கூரைமேல் வரிசையாக நின்ற காற்றுப்போக்கிகள், ஜன்னல் கொக்கி, மேல் படுக்கையைத் தாங்கும் சங்கிலி, ஏறும் படி, கழிவறைக்கும் கதவுக்கும் கீழே துரு முதலில் பிடிக்கும் தகடு. இந்தத் துரு முக்கியம். கழிவறை நீரும் கழுவும் நீரும் தேங்கும் இடத்தில் சாதாரண எஃகு அரிப்பதால்தான் ஒவ்வொரு முழுப் பராமரிப்பிலும் தகட்டை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. எல்.எச்.பி. ஏன் துருப்பிடிக்காத எஃகுக்குப் போனது என்பதற்கு அந்தப் படம் ஒன்றே விளக்கம். இரும்பு அளவுகோலையோ கைக்குட்டையையோ பக்கத்தில் வைத்து எடுத்தால் அளவும் தெரியும்.

இவை எல்லாவற்றையும் நடைமேடையிலிருந்தோ, மேம்பாலத்திலிருந்தோ, நிற்கும் பெட்டிக்குள்ளிருந்தோ எடுக்க முடியும். தண்டவாளத்தில் இறங்கத் தேவையே இல்லை. 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவு அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. தண்டனையைவிடப் பெரியது உயிர். பெட்டியின் அகலம் 3.24 மீட்டர், தண்டவாள அகலம் 1.676 மீட்டர். அதாவது தண்டவாளத்துக்கு வெளியே முக்கால் மீட்டருக்கு மேல் பெட்டி நீட்டிக்கொண்டு வரும். மின்சார இன்ஜின் இழுக்கும் வண்டி 300 மீட்டரைப் பத்து விநாடியில் கடக்கிறது, அதன் சத்தம் முன்கூட்டியே வருவதில்லை. ஒரு தடத்தில் போகும் ரயிலை எடுத்துக்கொண்டிருப்பவரை அடுத்த தடத்து ரயில் அடித்த விபத்துகளில் அவர் அதைக் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை. மேலே 25,000 வோல்ட் கம்பி. அதைத் தொட வேண்டும் என்பதில்லை, இரண்டு மீட்டருக்குள் எதையும் கொண்டுபோகக் கூடாது. நடைமேம்பாலத்திலிருந்து செல்ஃபிக் கம்பை நீட்டுவது, நிற்கும் பெட்டியின் ஏணியில் ஏறுவது இரண்டும் சாவுக்கு வழி. இரவில் ஃபிளாஷ் போட்டால் லோகோ பைலட்டின் கண் கூசும், அடுத்த சிக்னலைப் படிக்கும் நேரம் போய்விடும். மூன்றுகால் தாங்கியையும் நடைமேடையில் விரிக்க வேண்டாம்.

இந்தக் கட்டுப்பாடுகளை ஆர்வலர்கள் ஏற்றுக்கொள்ளும்போது, அனுமதியும் தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா? இப்போது ஒரு நிலையத்தில் தடையில்லை என்கிறார்கள், அடுத்த நிலையத்தில் படத்தை அழிக்கச் சொல்கிறார்கள். பணியில் இருப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் எழுதிய விதி இருந்தால் அவரும் அதைக் காட்டிவிட்டுப் போவார். பிரிட்டனில் பெரிய நிலையங்களை நடத்தும் நெட்வொர்க் ரயில், ஆர்வலர்களுக்கென்றே நெறிமுறை வெளியிட்டிருக்கிறது: வந்ததும் பணியாளரிடம் சொல்லுங்கள், மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், பயணிகளுக்கு இடைஞ்சல் செய்யாதீர்கள். அதுபோல் ஒரு பக்க அறிவிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு வெளியே ஒட்டினால் போதும். சொந்தப் பயனுக்கு, நடைமேடைச் சீட்டோ பயணச்சீட்டோ வைத்திருப்பவர், எங்கிருந்து எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று அதில் இருக்கட்டும். சிக்னல் அறை, பாதுகாப்புப் பணி, ராணுவச் சரக்கு இவற்றை எடுக்கக் கூடாது என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லட்டும்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். வளாகத்தை ஒட்டிய ரயில் அருங்காட்சியகத்துக்கும் ஒரு கோரிக்கை. ராஜா காலத்துப் பெட்டியைக் காப்பாற்றுவது போலவே, எண்பதுகளில் கோடிக்கணக்கானோர் போன சாதாரண இரண்டாம் வகுப்புப் பெட்டி ஒன்றையும், மூன்றடுக்குப் படுக்கைப் பெட்டி ஒன்றையும் மரப்பலகை இருக்கை, விசிறி, ஜன்னல் சட்டம், கழிவறை வரை அப்படியே வைக்க வேண்டும். உணவகமாக்கினால் உடல்தான் மிஞ்சும். ஒரு பக்கத் தகட்டை வெட்டி, உள்ளே இருக்கும் எஃகு வரிச்சட்டத்தைக் காட்டினால் பொறியியல் மாணவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

தங்கள் நாளிதழிடம் நாங்கள் கேட்பது, வாசகர்கள் அனுப்பும் ரயில் பெட்டிப் படங்களுக்கு வாரம் ஒரு முறை கொஞ்சம் இடம். ஒவ்வொரு படத்தோடும் பெட்டி எண், ரயிலின் பெயர், நிலையம், தேதி நான்கும் கட்டாயம் என்று வையுங்கள். தண்டவாளத்தில் நின்று எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் போடாதீர்கள். விளக்கவரிகளைச் சரிபார்த்துத் தர எங்களில் பலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ரயில் ஆர்வலர்கள் சிலர்,
பெரம்பூர், சென்னை.